கரும்புத் தோட்டத்தில் நைட்டிங்கேல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் படித்தவள். அந்த ஹீபர் இலங்கையைப் பற்றி, 'காட்சியெல்லாம் இனிது, மனிதன் மட்டுமே இழிந்தவன்' என்று பாட்டு எழுதியவர் எனச் சமீபத்தில்தான் தெரிந்தது. இங்கேயே வாழ்ந்த வெள்ளைக்காரக் கவிஞர்களுக்கு நம் மனிதர்கள் கண்ணிலேயே படவில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு திருத்தம். அதை எழுதியபோது ஹீபர் இந்தப் பக்கமே வந்ததில்லை. 1819இல், வேல்ஸில் உள்ள ரெக்ஸம் ஊரில், மாமனாரின் தேவாலயத்தில் மறுநாள் மிஷன் காணிக்கை எடுக்க ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அவசரமாக எழுதிக் கொடுத்தார். கல்கத்தா பிஷப்பாகக் கப்பலேறியது 1823இல். இலங்கையைப் பார்த்தது 1825இல். காணாத ஊரைப் பழிப்பதில் என்ன சிரமம்?

வந்த பிறகு, வங்காளத்தில் ஒரு மாலை நடையைப் பற்றிக் கவிதை எழுதினார். கங்கையில் பொழுது சாய்கிறது. புளியமரக் கிளைக்கடியில் படகு கட்டியிருக்கிறது. படகின் மேல்தட்டில் கரி அடுப்பு கனன்று, முஸ்லிம்களின் இரவுச் சாப்பாடு ஆவி பறக்கிறது. இந்து மட்டும் தள்ளிப்போய், மரத்தடியில் தன் எளிய சோற்றைத் தனியாகப் பொங்குகிறான். யார் எங்கே உலை வைக்கிறார்கள் என்பதுவரை பார்த்திருக்கிறார் மனிதர். 'இழிந்தவன்' என்ற பேச்சே அங்கே இல்லை.

சரி, இத்தனை கூர்மையான கண்ணுக்குக் காது ஈடு கொடுத்ததா? கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பறவை பாடுகிறது. 'ஃபிலோமெல்தான், அதுவாகத்தான் இருக்க வேண்டும்' என்று துள்ளுகிறார். ஃபிலோமெல் என்பது ஆங்கிலக் கவிஞர்கள் கிரேக்கக் கதையிலிருந்து எடுத்து தங்கள் ஊர் நைட்டிங்கேல் பறவைக்கு வைத்த பெயர். பக்கத்தில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவனைக் கேட்டிருந்தால் உள்ளூர்ப் பெயரைச் சொல்லியிருப்பான். கவிதையில் அவர் கேட்கவில்லை. இத்தனை பச்சையான புல்லை ஆங்கிலத் தேவதைகள் மிதித்ததே இல்லை என்று ஒப்புக்கொண்ட கையோடு, பனை நிழலில் நின்றபடி தன் ஊர்க் காட்டை நினைத்து உருகவும் செய்கிறார்.

1803இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜான் லேடனும் அப்படித்தான். மலபாரில், சிறக்கலின் ஆறுகளை ஒரு வரியில் சொல்லிவிட்டு, சொந்த ஊர் டீவியட் ஆற்றுக்குக் கனவில் போய்விடுகிறார். கையிலிருக்கும் தங்க நாணயத்தைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், அதற்காகத்தானே வந்து மாட்டிக்கொண்டோம் என்று. கிப்ளிங் ஒரு படி மேலே போய், சம்பளம் குறைவு, வேலை கடினம் என்று புலம்பி இந்தியாவை மாற்றாந்தாய் என்றே சொன்னார். மாற்றாந்தாய்தான் இவர்கள் வீட்டுக்குள் வந்தாளா, இவர்கள் அவள் வீட்டுக்குள் வந்தார்களா என்பதை விட்டுவிடுவோம்!

ஹீபர் 1826 ஏப்ரலில் உங்கள் ஊரில்தான், குளிக்கப் போன இடத்தில் இறந்தார். வயது 42. இரண்டு வருடம் கழித்து வெளியான அவருடைய பயணக் குறிப்புகளில் அந்த மாலை நடைக் கவிதை இருக்கிறது. தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.