உள்விளிம்பு மட்டும் தேயும் டயர்

வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடி அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் திருத்தும்) பட்டறைக்காரரின் பதில்கள்

கேள்வி: 2012-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் குட்டை ஸ்பிரிங் போட்டு நான்கு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்த்தியிருக்கிறார். 15 அங்குல ரிம். முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. வெளிப்பக்கத்தில் பட்டன் அப்படியே இருக்கிறது. அலைன்மென்ட் பார்த்த இடத்தில், கேம்பர் (சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்து நிற்கும் கோணம்; மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ்) இடப்பக்கம் மைனஸ் 2.1 டிகிரி, வலப்பக்கம் மைனஸ் 1.4 டிகிரி என்று சீட்டுக் கொடுத்து, 'இந்த வண்டியில் கேம்பரைத் திருத்த வழியில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். ஷாக் அப்சார்பரின் மேல்முனையை நகர்த்திக் கேம்பரைத் திருத்தும் கேம்பர் பிளேட் செட் வாங்க வசதியில்லை. டயர் செலவு போகக் கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. வண்டியை மறுபடி உயர்த்தவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், செக்காலை, காரைக்குடி

பதில்: தம்பி, முதலில் அந்த இரண்டு டயர்களையும் இன்றைக்கே கழற்றுங்கள். கம்பி தெரிந்த டயரில் திருச்சி சாலையில் போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பின் டயர்கள் நன்றாக இருந்தால் அவற்றை முன்னால் போட்டுக்கொண்டு, புதிதாக வாங்கும் இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்பக்கம் சரியாகும் வரை புது டயர் வீணாகாமல் இருக்கும்.

உங்கள் எட்டாயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட இப்போதைக்குக் கேம்பருக்காகச் செலவிடாதீர்கள். தாழ்த்திய வண்டியில் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். மைனஸ் ஒன்றரை டிகிரி கேம்பர் தனியாக ஒரு டயரை இவ்வளவு வேகமாகத் தின்னாது. கூடவே டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கெட்டிருந்தால்தான் தின்னும். வண்டி தாழும்போது லோயர் ஆர்மும் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) டை ராடும் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) வேறு வேறு கோணத்துக்குப் போகின்றன. அந்த வித்தியாசத்தில் சக்கரம் திரும்பிக்கொள்கிறது. ஸ்பிரிங் மாற்றிய கையோடு டோவைத் திருத்தாமல் விட்ட வண்டிகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 மி.மீ. குறுக்களவுள்ள சக்கரம், முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. மட்டும் திரும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் 450 மீட்டர் தூரம் ரப்பரைத் தாரில் தேய்த்துக்கொண்டே போகிறீர்கள். கேம்பர் மைனஸில் இருப்பதால் பாரம் உள்விளிம்பில் விழுகிறது. அதனால் அந்தத் தேய்மானமும் அங்கேயே விழுகிறது.

எது காரணம் என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம். டயரின் பட்டன்களைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் தட்டினால் டோ கெட்டிருக்கிறது. இரண்டு திசையிலும் வழவழப்பாக இருந்து, உள்பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் அது கேம்பர். உங்கள் பழைய டயர்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் சீட்டில் இருக்கும் 0.7 டிகிரி வித்தியாசம். என்னைக் கவலைப்பட வைப்பது 2.1 என்ற எண்ணைவிட இதுதான். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் இரண்டு பக்கமும் கேம்பர் ஏறக்குறைய ஒன்றாகவே மாறியிருக்க வேண்டும். கேம்பரில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், எந்தப் பக்கம் மைனஸ் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். உங்கள் வண்டி வலப்பக்கம் இழுக்கும், அதாவது எதிரே வரும் லாரியை நோக்கி. ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இடப்பக்கம் ஏதோ அடி வாங்கியிருக்கலாம். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். உயரம் ஒன்றாக இருந்தும் கேம்பர் மாறினால், லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறதா, அதன் புஷ் (மூட்டில் உள்ள ரப்பர் உறை) கிழிந்திருக்கிறதா, பால் ஜாயிண்ட்டில் (உருண்டை மூட்டு) ஆட்டம் இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புஷ்ஷில் ஆட்டம் இருக்கும் வண்டிக்கு எந்த மெஷினில் அலைன்மென்ட் செய்தாலும் முதல் பள்ளத்தில் அது போய்விடும். உங்கள் பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்: புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட்.

ஒவ்வொரு முறையும் மெஷினுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டிலேயே கேம்பரை அளக்கலாம். நம் ஊரில் கொத்தனாருக்குப் பஞ்சமில்லை. ஒரு தூக்குக்குண்டும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமும் அவரிடம் இரவல் வாங்குங்கள். நம் வட்டார வீட்டு வாசல்களில் மழைநீர் தெருவுக்கு வடிய வாட்டம் வைத்திருப்பார்கள். பார்க்கச் சமதளமாகத் தெரியும், இருக்காது. இரண்டு முன் டயர்களும் நிற்கும் இடத்தை டியூப் மட்டத்தால் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் பிளைவுட் துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள். ஒவ்வொரு டயருக்கும் கீழே இரண்டு தகரத் துண்டுகளை, நடுவில் கிரீஸ் தடவி வையுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கும்போது சக்கரம் தடையில்லாமல் விரிந்து உட்கார இது வேண்டும். ஸ்டியரிங் நேராக, காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டை வைப்பது இன்னும் நல்லது.

இனி தூக்குக்குண்டை ரிம்மின் நடுக்கோட்டுக்கு நேராக, டயரின் புடைப்பில் நூல் படாமல் தள்ளித் தொங்க விடுங்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல் உதடு எவ்வளவு தூரம், கீழ் உதடு எவ்வளவு தூரம் என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். மேல் தூரம் அதிகமென்றால் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதுதான் மைனஸ். உதட்டுக்கு உதடு 400 மி.மீ. இருந்தால், 7 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. உங்கள் இடப்பக்கத்தில் 15 மி.மீ. அளவுக்கு வர வேண்டும். ரிம் வளைந்திருந்தால் கணக்கு ஏமாற்றும். ஆகவே ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பி, இறக்கி மறுபடி அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள்.

ஆட்டம் உள்ள பாகங்களை மாற்றிய பிறகும் கேம்பர் அதிகமாக இருந்தால், செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஸ்விஃப்ட்டில் முன் ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதி இரண்டு போல்ட்டுகளால் நக்கிளுடன் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துளைகளுக்கும் போல்ட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (செம்பூரான் கல்லில் வேண்டவே வேண்டாம், பாரம் தாங்காமல் அது பிளக்கும்), இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பகுதியை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே முடுக்குங்கள். சில வண்டிகளில் கால் டிகிரி கிடைக்கும், சிலவற்றில் அரை டிகிரிகூடக் கிடைக்கும். தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குவது முக்கியம். கைமதிப்பில் முடுக்கிய போல்ட் பள்ளத்தில் விழும்போது நகர்ந்துவிடும்.

அதற்கு மேலும் தேவையென்றால்தான் கேம்பர் போல்ட். இது நடுத்தண்டு மெலிந்து, ஒரு பக்கம் புடைத்த போல்ட். மூல போல்ட் ஒன்றை எடுத்துவிட்டு அந்தத் துளையில் போட்டுத் திருப்பினால் நக்கிள் சாயும். பக்கத்துக்கு ஒன்று போதும். பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இழுக்கும். 'வழியில்லை' என்று உங்களிடம் சொன்னார்களே, கம்பெனி கொடுத்த திருத்தம் இல்லை என்ற அளவில்தான் அது உண்மை. உங்கள் வண்டித் துளையின் அளவுக்கே செய்யப்பட்டதை வாங்குங்கள். தலையில் பொறித்த வலிமை எண் மூல போல்ட்டின் எண்ணுக்குக் குறையக் கூடாது. லேத்தில் கடைந்து தருகிறேன் என்று யாராவது அன்போடு சொல்வார்கள், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சாதாரண இரும்பில் கடைந்த போல்ட் முறிந்தால் முன்சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. துளையை அரத்தால் ராவி நீட்டுவதற்கும் நான் எதிரி. ராவிய துளையில் போல்ட்டைப் பிடித்து நிறுத்துவது முடுக்கிய இறுக்கம் ஒன்றுதான்.

பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயல வேண்டாம். இரண்டு பக்கமும் மைனஸ் ஒன்றையொட்டி, வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. கேம்பரைத் தொட்டால் டோ கட்டாயம் மாறும். ஆகவே கடைசி வேலை மெஷினில் டோ. பூஜ்யம் முதல் மொத்தம் 1 மி.மீ. உள்நோக்கு (சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளே திரும்பியிருப்பது) வரை வைக்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். சீட்டில் கேம்பர் சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பச்சை எல்லை கம்பெனி உயரத்துக்குப் போட்டது. டோ மட்டும் பச்சையில் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: உள்பக்கம் பாதி தேய்ந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், புதுவயல்

பதில்: செய்யலாம், டயரைப் பொறுத்து. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியோ, 'வெளிப்பக்கம்' என்ற குறியோ இல்லாத சாதாரண டயரென்றால் திருப்பலாம். வெளிப்பக்கம் என்று குறித்ததைத் திருப்பக் கூடாது. அம்புக்குறி உள்ளதைத் திருப்பினால் வண்டியின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றியே போட வேண்டும். திருப்பிய பின் பேலன்சிங் உண்டு. மிக மெலிந்த இடத்திலும் பள்ளம் 1.6 மி.மீ.க்கு மேல் இருந்தால் மட்டும் இந்த வேலை. கார் டயருக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். அளப்பது உள்விளிம்பில். வெளியே நின்று பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: என் பேரன் காரைத் தாழ்த்த வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். ஸ்பிரிங்கை வெட்டினால் செலவே இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். எனக்கு இதெல்லாம் புரியவில்லை, பயமாக இருக்கிறது.
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பதிலைப் பேரனிடம் படித்துக் காட்டுங்கள்.

ஸ்பிரிங்கில் வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றரையை வெட்டினால், மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகிவிடும். ஷாக் அப்சார்பர் அந்த விறைப்புக்குச் செய்யப்பட்டதல்ல, வண்டி குதிக்கும். அடுத்தது, நீளம் குறைந்த ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நொடியில் தன் இருக்கையில் தளர்ந்து, கோணலாக உட்காரக்கூடும். வெட்டுவதற்குப் பதில் கேஸ் விளக்கால் சூடுகாட்டி அமுக்குகிறார்களே, அது இன்னும் கொடுமை. சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும், என்றாவது ஒரு நாள் ஓடும்போதே உடையலாம்.

சாலையையும் பார்க்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையே 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர்த் தெருக்களில் அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறிப் போனால், வெட்டிய வண்டியின் வயிறு தட்டாமல் திரும்பாது.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள் ஆச்சி. எதைத் தொடுவதற்கு முன்பும் பேரனை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐ20 வண்டியின் பின்சக்கரங்கள் தாழ்த்திய பிறகு உள்பக்கம் சாய்ந்து தெரிகின்றன. பின்னுக்குக் கேம்பர் போல்ட் கிடைக்குமா?
— பாலிடெக்னிக் மாணவர், கானாடுகாத்தான்

பதில்: கிடைக்காது தம்பி, போட இடமும் கிடையாது. உங்கள் வண்டியின் பின்பக்கம் டார்ஷன் பீம். இரண்டு சக்கரங்களும் ஒரே உத்தரத்தில் இருப்பதால் தாழ்த்துவதால் கேம்பர் பெரிதாக மாறாது. கம்பெனியே அங்கே கொஞ்சம் மைனஸ் வைத்திருக்கும். மட்கார்டு இறங்கியதால் அது இப்போது கண்ணில் படுகிறது. மெஷினில் அளந்து, இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் ஹப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, பீம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே, ஹப் பொருந்தும் முகத்துக்கும் பீமுக்கும் நடுவே வைக்கும் சரிவான ஷிம் தகட்டை வாங்கலாம். பீம் வளைந்திருந்தால் ஷிம் வேண்டாம். விபத்தில் சிக்காத, அதே மாடலின் பழைய பீமைத் தேடிப் போடுங்கள்.