மேளம் கட்டிய கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா தஞ்சாவூரில் வீணை செய்தவர். சென்ற தை மாதம் காலமானார். விடிந்ததும் உளியைப் பிடித்தால் இருட்டும்வரை பட்டறைதான். இரவு எனக்கும் தங்கைக்கும் சோறு பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்த பிறகே அவர் சாப்பிடுவார். என்னை மட்டும் பட்டறைக்குள் விடமாட்டார். "போய்ப் படிடா" என்பார். இன்று சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள், "பரம்பரைத் தொழிலை விட்டுட்டியேப்பா" என்றார்கள். நான் அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டேனா? அவரிடம் வேலை பழகிய ஒருவர் மட்டும் இன்னும் தொழிலில் இருக்கிறார். வீணை வாங்கியவர்களின் விலாசங்களை அப்பா எழுதிவைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. உங்களை உள்ளே விடாதது அப்பா எடுத்த முடிவு. பலாமரத்தைப் பார்த்தே இது வீணைக்கு ஆகும், ஆகாது என்று சொல்லத் தெரிந்தவர் அவர். பண்ருட்டி மரம் என்ன விலை, பட்டறையில் மிஞ்சுவது எவ்வளவு, நாளெல்லாம் மரத்தூளைச் சுவாசித்தால் நெஞ்சு என்னவாகும் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் படிக்கச் சொன்னார். நீங்கள் அப்பா பேச்சைக் கேட்ட பிள்ளை.

துக்கம் கேட்க வந்து, தொழிலை விட்டுட்டியே என்று உங்களிடம் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். சரி, வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வீணையை முடிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று எத்தனை பேர் விசாரித்தோம்?

அப்பா மேளம் கட்டுவதைப் பட்டறை வாசலில் நின்றாவது பார்த்திருப்பீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வீணையில் மெட்டுகளைப் பதிப்பதைத்தான் மேளம் கட்டுவது என்பார்கள். அடியிலுள்ள உருண்டையான குடத்தைக் குடைந்து, அதிலிருந்து நீளும் தண்டியை இழைத்து, யாளி முகம் செதுக்கி முடித்தாலும் அதில் வாசிக்க முடியாது. தண்டியின் இருபுறமும் தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து வரப்பு மாதிரி கட்டி, அதன்மேல் 24 மெட்டுகளை, அதாவது சுரத்துக்குச் சுரம் தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகளை, பதிக்க வேண்டும். தந்தியை மீட்டிக் கேட்டு, மெட்டை மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டிக் கேட்டு... ஒரே மெட்டு நான்கு தந்திகளுக்கும் சுருதி சேர்ந்தாக வேண்டும். முழுக்கக் காதை நம்பிய வேலை. பகலெல்லாம் அந்தப் பாடுபட்டவர் ராத்திரி உங்களுக்குச் சோறு உருட்டிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. தொழிலுக்கு ஒரு பொறுமை, வீட்டுக்கு வேறொன்று என்று அவர் பிரித்து வைத்திருக்கவில்லை.

அப்புறம், அந்த நோட்டு. மெழுகு வெயிலில் இளகும், நாளாக நாளாக இறுகி உதிரும். சில வருடங்களுக்கு ஒருமுறை மேளத்தைப் பிரித்துக் கட்டியே ஆகவேண்டும். அப்பா செய்த வீணைகளில் சில, கட்ட ஆள் கிடைக்காமல் உறைபோட்டு மூலையில் கிடக்கலாம். நோட்டில் உள்ளவர்களை நீங்களே தொடர்பு கொள்ளுங்கள். அப்பாவிடம் பழகியவரை அனுப்பிவைப்பதாகச் சொல்லுங்கள். அவருக்கும் வேலை கிடைக்கும். ஒருமுறையாவது லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். மெழுகு எந்தப் பதத்தில் இறக்கப்படுகிறது, அதில் எது எவ்வளவு சேர்கிறது, அப்பா எந்த மெட்டிலிருந்து தொடங்குவார் என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். செல்போனில் வீடியோவும் எடுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் அப்பாவின் பெயரோடு இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.