நாலு மோட்டார், நாலு குணம்: சிங்கப்பூரில் டிரோன் கட்டுவோர் கேள்விகளுக்குப் பதில்

பிராப்பை, அதாவது சுழலும் இறக்கையை, கழற்றி வைத்துவிட்டுப் படியுங்கள். எச்சரிக்கை என்று இதற்கு மேல் எழுதப்போவதில்லை. என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பே போதும்.

யீஷூனிலிருந்து ஒரு மாணவர்: அண்ணே, த்ராட்டிலை (வேகக் குச்சியை) லேசா ஏத்தினா மூணு மோட்டார் உடனே சுத்துது, நாலாவது பிந்தித்தான் கிளம்புது. ரெண்டு தடவை கேலிப்ரேஷன் செஞ்சும் அதே கதைதான்.

உன் ஈஎஸ்சி, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று, எந்த மொழியில் பேசுகிறது என்று முதலில் பார், தம்பி. பழைய பிடபிள்யூஎம் வகை என்றால் த்ராட்டில் அதற்கு ஒரு துடிப்பின் நீளமாகத்தான் போய்ச் சேரும். 1000 மைக்ரோ நொடி என்றால் நில், 2000 என்றால் முழு வேகம். நாலு ஈஎஸ்சிக்கும் நாலு கடிகாரம். ஒன்றின் கணக்கில் 1000 என்பது இன்னொன்றுக்கு 1020. பிந்துவது அதனால்தான். "இதுதான் அடி, இதுதான் உச்சி" என்று நாலுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் கேலிப்ரேஷன். ஒவ்வொன்றாகத் தனித்தனியே செய்தால் பழைய வித்தியாசம் திரும்பி வந்துவிடும்.

பீட்டாபிளைட்டில் (டிரோனின் போர்டை அமைக்கும் மென்பொருள்) செய்யும் முறை: பேட்டரியைக் கழற்றிவிட்டு யூஎஸ்பியில் மட்டும் இணை. கணினியில் 'மோட்டார்' திரையைத் திறந்து, நாலுக்கும் பொதுவான ஸ்லைடரை உச்சிக்கு ஏற்று. இப்போது பேட்டரியைச் செருகு. பீப் கேட்டதும் ஸ்லைடரை அடிக்கு இறக்கு. மறுபடி பீப் வந்தால் முடிந்தது.

ஈஎஸ்சி பேசுவது டிஷாட் என்ற டிஜிட்டல் முறை என்றால் இந்த வேலையே கிடையாது. அது துடிப்பின் நீளத்தை அளப்பதில்லை, எண்ணையே அனுப்புகிறது. அதில் கேலிப்ரேஷன் செய்வது டிஜிட்டல் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மாதிரி. அப்படியும் ஒரு மோட்டார் பிந்தினால், அதைக் கழற்றிப் பக்கத்து ஈஎஸ்சியில் போட்டுப் பார். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டார்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் ஈஎஸ்சி, இல்லையென்றால் அங்கே இருக்கும் சால்டர் (கம்பியைப் பற்றவைத்த இடம்). நான் பார்த்தவரை பாதிக்கு மேல் சால்டர்தான். மங்கலாக, உருண்டை கட்டி நிற்கும்.

பொங்கோலிலிருந்து ஒருவர்: பிராப் இல்லாம மேசையில வெச்சு ஆர்ம் பண்ணினேன் (மோட்டார் சுத்தத் தயாராக்கினேன்). த்ராட்டிலைத் தொடவே இல்லை, மோட்டார் தானா வேகம் எடுக்குது. பயந்துட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் ஒருமுறை பயந்ததுதான். மேசை அதிர்வை, சாய்வை உணரும் கைரோ 'சாய்கிறோம்' என்று எடுத்துக்கொள்கிறது. டிரோனின் மூளையான போர்டு திருத்தப் பார்க்கிறது. பிராப் இல்லாததால் எதுவும் அசைவதில்லை. "இன்னும் சரியாகவில்லையே" என்று திருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. பீட்டாபிளைட்டின் 'மோட்டார்' திரை ஸ்லைடரில் ஓட்டிப் பாருங்கள், அங்கே அந்தத் திருத்தம் ஓடாது. நாலும் சமமாகச் சுற்றினால் உங்கள் டிரோன் நலம்.

உட்லண்ட்ஸ் தங்கை: ஆர்மே ஆகல அண்ணா. த்ராட்டில் அடியில்தான் இருக்கு.

குச்சி அடியில் இருக்கலாம், எண்ணும் அடியில் இருக்கிறதா? பீட்டாபிளைட்டில் 'ரிசீவர்' திரையைத் திறந்து பாரும்மா. த்ராட்டில் 1050க்குக் கீழே இறங்கவில்லை என்றால் போர்டு ஆர்ம் ஆக விடாது. ரிமோட்டில் த்ராட்டில் டிரிம் (நுண்ணிய சரிக்கட்டல்) தெரியாமல் மேலே ஏறியிருக்கும், அதை நடுவுக்குக் கொண்டுவா. பிறகு எண்ட் பாயிண்டை (குச்சியின் எல்லைகளை) திருத்தி அடி 1000, உச்சி 2000 என்று வரவை. மற்றக் குச்சிகள் நடுவில் 1500 காட்ட வேண்டும்.

ஜூரோங் வெஸ்ட்: எழும்பின உடனே குப்புற விழுது. கேலிப்ரேஷன் தப்பா?

இல்லை. மோட்டார் வரிசை, சுற்றும் திசை, போர்டில் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி, இந்த மூன்றில் ஒன்று தப்பு. பீட்டாபிளைட்டில் 1 பின் வலது, 2 முன் வலது, 3 பின் இடது, 4 முன் இடது. மூலைவிட்டத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். திசை தப்பென்றால் மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடு.

தோ பாயோவிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்: என்னிடம் பழைய கேகே போர்டு இருக்கிறது. அதில் கேலிப்ரேஷன் எப்படித் தம்பி?

ஐயா, அந்தப் போர்டை இன்னும் வைத்திருக்கிறீர்களே, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. என் முதல் டிரோனும் அதில்தான் பறந்தது, பறந்தது என்பதைவிடக் குதித்தது. ரிமோட்டில் த்ராட்டிலை முழுதாக ஏற்றுங்கள். 1, 4 பொத்தான்களை அழுத்திக்கொண்டே பேட்டரியைச் செருகுங்கள். பீப் கேட்டதும் த்ராட்டிலை இறக்குங்கள். அது முடியும்வரை பொத்தான்களை விடக்கூடாது.

இன்னொன்று. அந்தக் காலத்து ஈஎஸ்சி ஒவ்வொன்றும் போர்டுக்குத் தனியாக 5 வோல்ட் அனுப்பும். நாலும் சேர்ந்தால் சிலவகை ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மூன்றின் சிவப்பை உருவி நாடா சுற்றிவிடுங்கள்.

செங்காங்: ஒரு மோட்டார் மட்டும் கை வைக்க முடியாத சூடு. அப்புறம், புளோக்குக்குக் கீழே இருக்கற திடல்ல சோதிச்சுப் பார்க்கலாமா?

ஃபிரேமோடு மோட்டாரைப் பிடிக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார். நீளம் கூடினால் அது உள்ளே போய்ச் சுருளைத் தொடும். பீப் ஒலிக்கும் முறையில் வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையை ஸ்க்ரூவிலும் மறுமுனையை மோட்டார் கம்பியிலும் வை. சத்தம் கேட்டால் சுருள் போய்விட்டது. மின்னணுக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் குட்டை ஸ்க்ரூ வாங்கிவிடலாம்; மோட்டார்தான் காசு.

திடல் வேண்டாம். செங்காங்குக்கு ஒரு பக்கம் சிலேத்தார் விமான நிலையம், மறுபக்கம் பாய லேபார் விமானப்படைத் தளம். விமான நிலையம், விமானப்படைத் தளம் எதுவானாலும் 5 கிலோமீட்டருக்குள் வெளியே பறக்க அனுமதி வேண்டும். ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் உன் புளோக்கைத் தேடு, தெரியும். 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவும் வேண்டும், கையால் கட்டினதுக்கும்தான்.

புக்கிட் பாத்தோக்: எல்லாம் சரி. ஆனா முக்கால் த்ராட்டில்லதான் தரையை விடுது.

பிராப்பில் எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். மேலே பார்க்க வேண்டும்.

அதே ஆள், மறுநாள்: கீழேதான் இருந்துச்சு அண்ணே.

நாலுமா?