மரேயா, மக்ரெகரா?

வணக்கம். என் மகள் கனடாவில் இருக்கிறாள். மருமகன் ஸ்காட்லாந்து வம்சாவளி. குடும்பப் பெயர் மரே. ஆனால் அவருடைய அப்பாவழித் தாத்தா, "நாம் மரே இல்லை, மக்ரெகர் குலம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரே குடும்பத்துக்கு எப்படி இரண்டு பெயர்? பேரனிடம் இதைச் சொல்லலாமா? எங்கே தேடுவது?
- ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள அம்மா,

தாத்தாவின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். மக்ரெகர் என்ற பெயரை வைத்திருப்பதே ஒரு காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் மக்ரெகர்கள் கஹூன் குலத்தாரை வென்று பலரைக் கொன்றார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் ஆலோசனைக் குழு அந்தப் பெயரையே தடைசெய்தது. மறு வருடம் குலத்தலைவரை எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். 1661இல் தடை நீங்கியது. 1693இல் திரும்ப வந்தது. 1774இல்தான் முழுமையாக ஒழிந்தது.

அத்தனை காலம் அந்த மக்கள் என்ன செய்வார்கள்? யாருடைய நிலத்தில் பிழைத்தார்களோ அவர் பெயரையோ, தாய்வழிப் பெயரையோ எடுத்துக்கொண்டார்கள். கேம்பல், டிரம்மண்ட், கிராண்ட், ஸ்டூவர்ட், அப்புறம் உங்கள் மரே. கதைகளில் புகழ்பெற்ற ஸ்காட்லாந்துக் கலகக்காரர் ராப் ராய் மக்ரெகரே தாயின் குடும்பப் பெயரான கேம்பலைத்தான் பயன்படுத்தினார். தடை நீங்கியபின் 826 மக்ரெகர்கள் கையெழுத்திட்டு ஒருவரைத் தங்கள் தலைவராக ஏற்றார்கள். அவர் பெயர் ஜான் மரே! குலத்தலைவரே வேறு பெயரில்தான் வாழ்ந்திருக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

ஆனால் இதை வைத்து மரேக்கள் எல்லாரும் மக்ரெகர்கள் என்று சொல்லிவிட முடியாது. மரே என்பது வடக்கே உள்ள மோரே நிலப்பகுதியிலிருந்து வந்த பெயர். அவர்களுக்கென்று தனிக் குலம் உண்டு. அந்தக் குலத்திலும் எல்லாரும் ஒரே ரத்தம் கிடையாது. தலைவரின் நிலத்தை உழுதவர்களும் அவர் பாதுகாப்பில் இருந்தவர்களும் அவர் பெயரையே வைத்துக்கொண்டது மலைநாட்டில் சாதாரணம். 'இந்தப் பெயருக்கு இந்தக் குலம், இந்த டார்ட்டன் (குலத்துக்குரிய கட்டம் போட்ட) துணி' என்று கடைகளில் கிடைக்கும் பட்டியலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, தேடுவது எப்படி? தாத்தாவிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1இல். அங்கே இறப்புப் பதிவிலும் பெற்றோர் இருவர் பெயரும் எழுதப்படும், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் உட்பட. தேடுபவருக்கு இது பெரிய வரம். அதற்கு முந்தையவை தேவாலயப் பதிவேடுகள். பல ஊர்களில் அவை அரைகுறைதான். இரண்டையும் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' என்ற அரசு இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

காகிதம் நின்றுவிடும் இடத்தில் ஒய் குரோமோசோம் என்ற மரபணுச் சோதனை கைகொடுக்கும். அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. அதனால் தாத்தாவோ மருமகனோ சோதனைக்கு மாதிரி கொடுத்தால் போதும். மக்ரெகர் ஆண்வழியோடு அது பொருந்தினால் தாத்தா சொல்வதற்கு நல்ல பலம் கிடைக்கும்.

பேரனிடம் தாராளமாகச் சொல்லுங்கள், 'கொள்ளுத்தாத்தா இப்படிச் சொல்கிறார்' என்று. இந்த வாரமே அவரிடம் ஒன்று கேட்டு எழுதி வையுங்கள்: முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள்? பதிலில் பால்விடர், கிளென் ஆர்க்கி போன்ற பெயர்கள் வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். அவை மக்ரெகர்கள் வாழ்ந்த ஊர்கள்.