உடைவதெல்லாம் பிரேக்தானா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்றால் ‘உடை’ என்றுதான் படித்தேன். குச்சி, கயிறு, சட்டம் என்று எதற்கும் ஆங்கிலக்காரர்கள் அதையே போடுகிறார்களே?

பதில்: அவர்களுக்கு அது போதும், நாம்தான் இதில் கறார். பானை உடையும், குச்சி ஒடியும், எலும்பு முறியும், கயிறு அறும். பொருளைப் பார்த்து வினையை மாற்றுவோம். ஆங்கிலத்தில் நாலுக்கும் ‘பிரேக்’ ஒன்றே. உருவகமாக வரும்போதும் இதே கதைதான். மனம் உடைகிறது, ஒப்பந்தம் முறிகிறது, சட்டத்தை மீறுகிறோம், வாக்குத் தவறுகிறோம், சாதனையை முறியடிக்கிறோம். அங்கே எல்லாம் ‘பிரேக்’. ஆகவே மொழிபெயர்க்கும்போது பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ‘சட்டத்தை உடைத்தான்’ என்று படித்தால் எனக்குப் பல் கூசும்.

கேள்வி: ‘பிரேக் தி நியூஸ்’ என்பது நம்முடைய ‘போட்டு உடைத்தான்’ தானே?

பதில்: அங்கேதான் பலர் சறுக்குவது. மறைத்து வைத்ததை நாலு பேர் முன்னால் பட்டென்று சொல்வது போட்டு உடைப்பது. ஒரு சாவுச் செய்தியை வீட்டாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வதையும் ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்பார்கள். அதைப் போய் ‘போட்டு உடைத்தார்’ என்று எழுதினால், சொன்னவரைக் கல்நெஞ்சர் ஆக்கிவிடுவீர்கள்.

கேள்வி: கடன் கேட்டு நண்பருக்கு ‘ஐயாம் பிரோக்கன்’ என்று அனுப்பினேன். “யார் அந்தப் பெண்?” என்று பதில் வந்தது!

பதில்: கையில் காசில்லை என்றால் ‘பிரோக்’. ‘பிரோக்கன்’ என்றால் மனசு நொறுங்கியவர். நண்பர் மேல் தப்பில்லை. பணம் வந்ததா என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

கேள்வி: வண்டியின் பிரேக்கும் இடைவேளை பிரேக்கும் ஒன்றா?

பதில்: இல்லை. உச்சரிப்பு ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் வண்டி ‘பிரேக்டவுன்’ ஆவது நம் ‘உடை’ பக்கத்துச் சொல். பிரேக் பிடிக்காத வண்டி பிரேக்டவுன் ஆவதும் நல்லதற்குத்தான்.

கேள்வி: ‘பிரேக்ஃபாஸ்ட்’டில் எது உடைகிறது?

பதில்: நோன்பு. இந்த ‘ஃபாஸ்ட்’டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. இரவெல்லாம் சாப்பிடாமல் கிடந்ததை முடித்துவைக்கும் வேளை அது.

கேள்வி: பையனுக்குக் குரல் ‘பிரேக்’ ஆகிறது என்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்ல?

பதில்: மகரக்கட்டு உடைகிறது என்று சொல்லுங்கள். இங்கே நமக்கும் ‘உடை’தான்.