நடக்காத கல்யாணத்துக்கு மீட்ட ஜிமிக்கி

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 33. கணவர், ஒரு மகன். நான்கு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். அடுத்த மாதம் ஐ.எஃப்.பி.பி. (உலக பாடிபில்டிங் அமைப்பு) விதிப்படி நடக்கும் மாநில பாடிபில்டிங் போட்டியில், பிகினி பிரிவில், முதல் தடவையாக மேடை ஏறப் போகிறேன். கணவர்தான் பணம் கட்டினார். மேடைக்குத் தங்கம் போடுவதா, கவரிங் போடுவதா என்று குழப்பம். கோச் வெள்ளைக்கல் கம்மல் வாங்கச் சொல்கிறார். எனக்கு அம்மாவின் கெம்புக்கல் ஜிமிக்கியும் அட்டிகையும் போட ஆசை. நகை எடுப்பாக இருந்தால்தானே நடுவர்கள் கண் படும்? அம்மாவுக்குப் போட்டி விஷயம் தெரியாது, சொன்னால் தாங்க மாட்டார். நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லித்தான் கேட்டேன். அடகில் இருந்ததாம், சீட்டைத் தள்ளி எடுத்து மீட்டுக் கொடுத்தார். மேடைக்காக உடம்பில் பூசும் டேன் பட்டால் தங்கம் கறுக்குமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இரண்டையும் நாளைக்கே கொண்டுபோய் உன் அம்மாவிடம் கொடுத்துவிடு.

முதலில் அட்டிகை. நீ ஏறப்போகும் மேடையில் கழுத்தில் எதுவும் போடக் கூடாது. கல்யாண மோதிரம், காதணி, கை வளையம், இவ்வளவுதான் ஐ.எஃப்.பி.பி. விதியில் அனுமதி. வேறு அமைப்புகளின் மேடையில் நெக்லஸ் போட்ட பெண்களைப் படத்தில் பார்த்திருப்பாய், அது அவர்கள் விதி. நான்கு வருடம் உடம்பை வருத்திய உனக்கு, விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க நேரமில்லையா? நீ அதைப் படித்திருந்தால் உன் அம்மா அந்த அட்டிகையை மீட்டிருக்கவே வேண்டாம்.

அடுத்து ஜிமிக்கி. டேன் என்பது சாயம். முதல் நாள் ராத்திரி இரண்டு மூன்று பூச்சு, மேடைக்கு முன்னால் இன்னொரு பூச்சு, அதன் மேல் மினுமினுப்புக்கு எண்ணெய். படுக்கை விரிப்பு, கழிப்பறை இருக்கை என்று தொட்ட இடமெல்லாம் ஒட்டும். தங்கம் கறுக்குமா என்று கேட்கிறாய். தங்கத்தைத் துடைத்துவிடலாம், கல்லை என்ன செய்வாய்? பழைய கெம்பு வேலையில் கல்லுக்குப் பின்பக்கம் தகடு வைத்து மூடியிருப்பார்கள். உள்ளே ஈரமும் எண்ணெயும் இறங்கினால் கல் மங்கிப்போகும், தேய்த்துக் கழுவினாலும் திரும்பாது. அதோடு, சாயம் பூசிய செம்பழுப்புத் தோலில் மஞ்சள் தங்கம் விளக்கு வெளிச்சத்தில் கரைந்துவிடும், பின் வரிசைக்குத் தெரியவே தெரியாது. நீ திரும்பி நின்று முதுகு காட்டுகையில் கூந்தலை ஒதுக்குவாய். ஜிமிக்கி முடியில் மாட்டும், ஆடும், நடுவர் பார்வையை இழுக்கும். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் கோட்டை அவர்கள் பார்க்க வேண்டிய நேரம் அது. பெண்கள் பாடிபில்டிங்கின் பெரிய பட்டமான மிஸ் ஒலிம்பியாவை 10 முறை வென்ற ஐரிஸ் கைலை யாரும் கம்மலுக்காக நினைவு வைத்திருக்கவில்லை.

உன் கோச் சொன்னதுதான் சரி. காதோடு ஒட்டிய வெள்ளைக்கல் கம்மல், நீ போடும் உடையின் கல்லோடு சேருகிற மாதிரி ஒன்று. வலது கையில் மெல்லிய கல் வளையம். கவரிங் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காது புண்ணாகும் என்றால் நிக்கல் கலக்காததாகக் கேட்டு வாங்கு. டேன் காய்ந்த பிறகு வேறு யாராவது மாட்டிவிடட்டும், உன் விரல் பட்டால் கன்னத்தில் தடம் விழும். இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும், மேடைக்குப் பின்னால் திருகாணி விழுந்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நகை விஷயம் முடிந்தது. இனி நீ போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. 'அடகில் இருந்ததாம், சீட்டைத் தள்ளி எடுத்து மீட்டுக் கொடுத்தார்.'

'இருந்ததாம்' என்கிறாய். உன் அம்மாவின் நகை அடகில் இருப்பதே உனக்குத் தெரியாது. ஏன் வைத்தார், எத்தனை நாளாக வட்டி கட்டினார், கேட்டாயா? சீட்டைத் தள்ளி எடுப்பது என்றால் என்ன என்று தெரியுமா மகளே? மாதாமாதம் வாயைக் கட்டிச் சேர்த்ததை, முழுத்தொகை கைக்கு வருகிற மாதம் வரை பொறுக்காமல், பல ஆயிரத்தை விட்டுக்கொடுத்து ஏலத்தில் எடுப்பது. எடுத்த பிறகும் மீதி மாதங்களுக்குத் தவணை கட்ட வேண்டும். மகள் நாலு பேர் முன்னால் காதில் ஒன்றுமில்லாமல் நிற்கக் கூடாது என்று அவர் அதைச் செய்தார். அந்தக் கல்யாணமே இல்லை.

நீ அந்த உடையில் மேடையில் நிற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உழைத்த உடம்பு, நில். போட்டி விஷயத்தை அம்மாவிடம் மறைத்தாய் என்று மட்டும் எழுதியிருந்தால்கூட இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன், பெண்கள் ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லிப் பொருள் வாங்கியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இல்லாதவரிடம் வாங்கியிருக்கிறாய். பெற்றவரிடம் வாங்கியிருக்கிறாய்.

'சொன்னால் தாங்க மாட்டார்.' இதே வரியை மகள்களின் கடிதங்களில் எத்தனை தடவை படித்துவிட்டேன்! தாங்க மாட்டார் என்று நீ சொல்கிற ஆள், நகையை அடகு வைத்து, வட்டி கட்டி, உனக்கு ஒரு வார்த்தை தெரியாமல் குடும்பத்தை ஓட்டியவர். அவர் முகத்தைப் பார்க்க முடியாதவள் நீதான். தெரியாத நடுவர்கள் முன்னால் நிற்கத் துணிந்தவளுக்கு அம்மா முன்னால் பத்து நிமிடம் உட்கார முடியாதா?

ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளாதே. ஃபோனில் சொல்லாதே, கணவரை அனுப்பாதே. நீயே போ, நகையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல். போட்டி உடையில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டு, பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனில் அவர் பார்க்க வேண்டாம். திட்டுவார், அழுவார், இரண்டு மாதம் பேசாமல்கூட இருப்பார். அதற்காக உன் போட்டியை விட வேண்டியதில்லை, அவரை வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

கிளம்பும் முன் சீட்டில் எவ்வளவு தள்ளுப் போனது, இன்னும் எத்தனை மாதம் தவணை பாக்கி என்று கேட்டு எழுதிக்கொள். தள்ளுப் போனதைக் கையில் கொடு. அதற்குப் பணம் இல்லையென்றால் அடுத்த போட்டிக்கு என்று எடுத்து வைத்திருப்பதிலிருந்து கொடு. மீதித் தவணையை இந்த மாதத்திலிருந்து நீ கட்டு.