வைத்த கையும் பிடித்த கையும்

அன்புள்ள அம்மா,

சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கம். போன ஞாயிறு, தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகளைத் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். நாற்பது நிமிடத்தில் இரண்டு மாடி பார்த்து முடித்துவிட்டோம். சுவா மியா டீ வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ முன்னால் நின்று, “இது ஏம்ப்பா நல்ல படம்?” என்று கேட்டாள். பக்கத்திலிருந்த குறிப்பை வாசித்துக் காட்டினேன். “சரிப்பா, ஆனா ஏன் நல்ல படம்?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நமக்கெல்லாம் ஓவிய ரசனை கிடையாது, சினிமாவும் பாட்டுமாக வளர்ந்தவர்கள்தானே என்று தோன்றியது. ஓவியமும் புகைப்படமும் பார்க்கக் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? வகுப்புக்குப் போகலாமா? எல்லாரும் கைபேசியில் படம் எடுக்கும் காலத்தில் புகைப்படத்தைக் கலை என்று சொல்ல முடியுமா? (என் பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் பழைய படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். நமக்கு ஓவிய ரசனை கிடையாது என்று எழுத எப்படி மனம் வந்தது? அதுவும் புதுக்கோட்டைக்காரருக்கு! சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் நடமாடும் குளம். நடுவில் ஆட்கள் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அந்தத் தண்ணீர் உங்கள் ஊர்ப் பாறையில் கிடக்கிறது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போகிறவர் ஒருமுறையாவது எட்டிப் பார்த்தீர்களா? பார்க்காமல் விட்டது உங்கள் குறை. அதை மொத்தத் தமிழர் தலையிலும் கட்டாதீர்கள். மகள் காதில் விழும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள்.

புத்தகம், வகுப்பு எல்லாம் பிறகு பார்க்கலாம். அப்பாவின் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1963. அப்பா இங்கே துறைமுகத்தில் வேலை. அம்மாவும் நானும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராமத்தில் இருந்தோம். கடிதத்தோடு ஒரு படம் வந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் தூணும் மாடிப்படியும் வரைந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. அப்பா அதன் முதுகில் இடது கையை வைத்து நிற்கிறார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுத்த வீட்டு வாத்தியார்தான் கடிதத்தை வாசித்தார். “நான் இங்கு சுகம், மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறேன்.” வாத்தியார் படத்தையும் பார்த்துவிட்டு, ஆள் பூசினாற்போல் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா ராத்திரி சிம்னி விளக்கடியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். “ஒங்கப்பாவுக்கு ஒடம்புக்கு முடியாம இருந்திருக்கு. கையப் பாரு. ஸ்டூடியோக்காரரு வைக்கச் சொல்லி வச்ச கையின்னா வெரலு தளந்து கெடக்கும். இது புடிச்ச கை. நிக்க முடியாம புடிச்சிருக்காரு.”

1966இல் ரஜூலா கப்பலில் நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அப்பா ஒப்புக்கொண்டார். டைபாய்டு. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீடு திரும்பிய மறுவாரமே, வீட்டில் கவலைப்படக்கூடாதென்று கூட்டாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் எடுத்த படம் அது. முகம் பூசினாற்போல் இருந்ததற்கும் காரணம் சொன்னார். அந்தக் காலத்தில் நெகடிவ் மேலேயே கூர்ப் பென்சிலால் தொட்டுக் கன்னக்குழியை நிரப்பித் தருவார்கள். முகத்துக்குத்தான் அந்த வேலையெல்லாம். கையை யாரும் தொடவில்லை. வாத்தியார் முகத்தைப் பார்த்தார், அம்மா கையைப் பார்த்தாள். (கைபேசியைப் பற்றிக் கேட்டீர்களே, என் பதில் இவ்வளவுதான். அந்த ஸ்டூடியோக்காரர் தன்னைக் கலைஞர் என்று நினைத்திருக்க மாட்டார். அவர் எடுத்த படம் அறுபது வருடமாக என்னை விடவில்லை.)

இப்போது உங்களுக்கு வருகிறேன். குழந்தை கேட்டதும் உங்கள் கண் எங்கே போனது? படத்தை விட்டுக் குறிப்புக்குப் போனது. யார் வரைந்தது, எந்த வருடம், என்ன வண்ணம் என்று வாசித்தீர்கள். அவளுக்கு முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். எனக்குத் தெரியும் தம்பி, நானும் அந்தப் பயத்தோடு பல வருடம் கலைக்கூடங்களில் சுற்றியிருக்கிறேன். ஆனால் குறிப்பை முதலில் வாசித்தால் அதற்கப்புறம் படத்தில் குறிப்பு மட்டும்தான் தெரியும். “தேசத்தைக் கட்டியெழுப்பிய காலம்” என்று வாசித்துவிட்டால் அதற்குச் சாட்சி தேடிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். நாற்பது நிமிடத்தில் இரண்டு மாடி முடிந்தது இப்படித்தான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் அவளும் “நான் இங்கு சுகம்” என்பதோடு நின்றிருப்பாளோ என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மறுபடியும் போங்கள். குடியுரிமை, நிரந்தரவாசம் இருப்பவர்களுக்கு நிரந்தரக் காட்சிக்கூடம் இலவசம்தான். ஒரே ஒரு படம். இருபது நிமிடம். குறிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள். ‘காம்போசிஷன்’, ‘டெக்ஸ்ச்சர்’ என்பவை வாயில் தயாராக இருக்கும் சொற்கள், பார்க்காமலே சொல்லிவிடலாம். தமிழில் சொல்லப் போனால் இந்தப் பச்சை கிளிப்பச்சையா பாசிப்பச்சையா என்று தயங்குவீர்கள். தயங்கினால் இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், எந்தக் கை வைத்த கை, எந்தக் கை பிடித்த கை, எல்லாம் மகளே கண்டுபிடிக்கட்டும். அவள் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள்.

அதே ‘தேசிய மொழி வகுப்பு’க்கே போங்கள். வட்ட மேசை, பின்னால் கரும்பலகை. பலகையில் தேசிய மொழியான மலாயில் இரண்டு கேள்வி. ‘சியாப்பா நாமா காமு? டிமானா ஆவாக் திங்கால்?’ உன் பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறாய்? வரைந்த வருடம் 1959, சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்த வருடம். சுவா மியா டீயே சீனாவில் பிறந்து, சிறு பையனாகப் போருக்குத் தப்பி இங்கே வந்தவர். என் அம்மா தேக்கா சந்தையில் முதலில் கற்றுக்கொண்ட மலாய் வாக்கியங்களும் ஏறக்குறைய இவைதான். அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம், எங்கே குடியிருக்கிறாய் என்று யாரோ என்னையே கேட்பதுபோல இருக்கிறது. இது ஏன் நல்ல படம் என்று உங்கள் மகள் என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அது என் பதில். அவளிடம் இதை ஒப்பிக்காதீர்கள்.

தெரியாதே என்று வெட்கப்படவும் வேண்டாம். சென் வென் ஷி எவ்வளவு பெரிய ஓவியர்! அவர் கிப்பன் குரங்கை நேரில் பார்த்ததே இல்லை. பழைய சீன ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியைப் பார்த்தே வரைந்துகொண்டிருந்தார். கிப்பனுக்கு வால் கிடையாது, நீங்கள் வால் போட்டிருக்கிறீர்களே என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. என்ன செய்தார் தெரியுமா? புத்தகம் தேடிப் போகவில்லை. ஒரு கிப்பனை விலைக்கு வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார். அது தாவுவதையும் தொங்குவதையும் உட்கார்ந்து பார்த்தார். பிறகு இன்னும் சில கிப்பன்களை வாங்கினார்.

அந்தக் கிப்பன்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கும். 50 வெள்ளி நோட்டைத் திருப்பிப் பாருங்கள். கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன்கள், அது சென் வென் ஷி. கூடவே சியோங் சூ பியெங் 1978இல் வரைந்த ‘கருவாடு காயவைத்தல்’. 1999இல் வந்த நோட்டு. இத்தனை வருடமாகச் சம்பளத்திலும் மொய்க் கவரிலும் நம் கையில் புரண்டிருக்கிறது. எனக்கே யாரோ காட்டித்தான் தெரியும். சியோங்கின் பெண்களுக்கு எவ்வளவு நீளமான கைகள் என்று பாருங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை மகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். கிப்பன் கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவள் என்ன பார்த்தாள் என்று எனக்கு எழுதுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே.

அன்புடன்,
அம்மா